டிரம் சாண்டருக்கு முதலில் மூடி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் டெல்டா பதிப்பில் சென்ற ஞாயிறன்று, வீட்டுக் கொட்டகையிலேயே டிரம் சாண்டர் (உப்புத்தாள் சுற்றிய உருளை சுழன்று பலகையைத் தேய்க்கும் இயந்திரம்) ஒன்றைச் செய்து பலகைகளைச் சமப்படுத்திவரும் இளைஞரைப் பற்றிய செய்தியைப் படித்தேன். பழைய மோட்டாரையும் உள்ளூர் லேத் பட்டறையையும் மட்டும் நம்பி இப்படி ஓர் இயந்திரத்தைச் செய்து முடித்த அவருடைய உழைப்பு எனக்கு மனநிறைவைத் தந்தது. ஆனால் செய்தியுடன் வந்த படத்தில், மோட்டாருக்கும் உருளைக்கும் இடையே ஓடும் வி-பெல்ட் திறந்தே கிடந்தது. உருளையின் மேல் மூடியும் இல்லை, தூசியை இழுக்கும் குழாயும் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே செய்ய முற்படுவோர் பலர் இருப்பார்கள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஒரத்தநாடு பகுதி அரிசி ஆலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக வேலை பார்த்தவன். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் கொல்லையில் இருந்த பலா, வேம்பு, வாகை என ஐந்து மரங்கள் வேரோடு சாய்ந்தன. விறகுக்குப் போட மனம் வராமல், அறுவை மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து, நிழலில் அடுக்கி இரண்டு ஆண்டுகள் காயவிட்டேன். காய்ந்த பலகைகள் ஒன்றுக்கொன்று அரை நூல், ஒரு நூல் எனக் கனம் மாறி நின்றன. பலா இழைப்புளிக்குப் பணிந்தது. வேம்பும் வாகையும் பணியவில்லை. அவற்றின் நார் ஒரு விரற்கடை அகலத்துக்கு இப்படியும் அடுத்த விரற்கடைக்கு அப்படியும் மாறி ஓடுவதால், எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் ஓரிடத்தில் பிய்த்துக்கொண்டுதான் வரும். அத்தகைய மரத்தை உப்புத்தாள் கொண்டு தேய்த்துத்தான் சமப்படுத்த வேண்டும். கையால் தேய்த்தால் பலகை பளபளக்குமே தவிர சமமாகாது. இந்த இயந்திரத்தை நான் செய்ய நேர்ந்தது அப்படித்தான்.

18 மி.மீ. பிளைவுட்டில் 5 அங்குல வட்டங்கள் 25 வெட்டி, 25 மி.மீ. ஷாஃப்டில் கோத்து ஒட்டினால் 450 மி.மீ. நீள உருளை கிடைத்துவிடும். இரு முனையிலும் ஷாஃப்டைத் தாங்கிச் சுழலவிடும் பிளம்மர் பிளாக் பேரிங், நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும் 1 குதிரைத்திறன் மோட்டார், மோட்டாரிலும் உருளையிலும் ஒரே அளவுப் புல்லி ஆகியவை போதும். இவை எல்லாம் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ அரை நாள் அலைந்தால் கிடைப்பவை.

உருளையை லேத்தில் கடைந்து முடித்த பிறகு பேரிங்கில் ஏற்றியதாக அந்த இளைஞர் கூறியிருக்கிறார். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். பலகையில் அலை அலையாகக் கோடு விழுந்தது. உருளை எந்தப் பேரிங்கில் சுழலப்போகிறதோ அந்தப் பேரிங்கிலேயே வைத்துத்தான் அதை உருட்சியாக்க வேண்டும். சமமான கடப்பைக்கல் துண்டொன்றின் மேல் 60-ஆம் எண் உப்புத்தாளை ஒட்டி, அதை உருளைக்குக் கீழே பலகை செல்லும் மேசையில் அசையாமல் பொருத்தி, உருளையின் முழு நீளத்துக்கும் பென்சிலால் கோடுகள் இழுத்துவிட்டு, ஓடும் உருளையை நோக்கி மேசையை மயிரிழை மயிரிழையாக உயர்த்த வேண்டும். மோட்டாரை நிறுத்திப் பார்த்தால், மேடான இடத்தில் கோடு அழிந்திருக்கும், பள்ளத்தில் அப்படியே இருக்கும். கடைசிக் கோடும் அழிகிற வரை பொறுமையாக இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எனக்கு ஒரு பகல் முழுவதும் பிடித்தது. நம் பகுதியின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பிளைவுட் ஊதும் என்பதால், இரண்டு கை வார்னிஷ் அடித்த பின்னும் ஆண்டுதோறும் மார்கழியில் ஒருமுறை இப்படிச் சரிபார்த்துக்கொள்கிறேன்.

மேசையை ஒரு முனையில் கீலில் பொருத்தி, மறுமுனையில் 12 மி.மீ. போல்ட்டால் உயர்த்துகிறேன். அந்தப் போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு 1.75 மி.மீ. ஏறும், உருளை கீலுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருப்பதால் அதற்கு நேர்கீழே மேசை அதில் பாதிதான் உயரும். ஆகவே கால் சுற்று என்பது ஏறத்தாழ 0.2 மி.மீ. 80-ஆம் எண் தாளில் ஒரு தடவைக்கு அதற்கு மேல் எடுக்க ஆசைப்பட்டால் மரம் கருகும், தாள் பிசின் அடைத்து வீணாகும். பலகையைப் பாதி வழியில் நிறுத்தினால் அந்த இடத்தில் பள்ளம் விழும்.

இனி, படத்தில் இல்லாதவற்றுக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த ஆலை ஒன்றில், தோளில் துண்டு போட்டிருந்த சக தொழிலாளி, திறந்திருந்த பெல்ட்டின் அருகே குனிந்தார். துண்டின் நுனி பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடையே போனது. அதை இழுக்கப் போன கையில் இரண்டு விரல்கள் போயின. இவ்வளவும் அவர் "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் நடந்துவிட்டது. வீட்டுக் கொட்டகையில் வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பு, ஓடிவரும் குழந்தை எல்லாம் உண்டு. பெல்ட்டை முழுவதுமாக மூடும் தகரப் பெட்டி செய்ய அரை நாள்கூட ஆகாது. அதைச் செய்யாமல் மோட்டாருக்கு மின் இணைப்பே கொடுக்கக் கூடாது.

பலகையை உருளை சுழலும் திசைக்கு எதிராகத்தான் தள்ள வேண்டும் என்பதால், உருளை எப்போதும் பலகையை நம்மை நோக்கியே திருப்பித் தள்ளும். ஓரடிக்குக் குறைவான பலகைத் துண்டை விட்டால் அது எகிறும். ஒருமுறை அப்படி எகிறிய வேப்பந்துண்டு என் விலாவை ஒட்டிச் சென்று பின்னால் இருந்த மண்பானையை உடைத்தது. அன்றிலிருந்து பலகைக்கு நேர்பின்னே நிற்காமல் பக்கவாட்டில் நின்றே வேலை செய்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைகொள்ளச் செய்வது தூசி. இழைப்புளியில் வருவது சுருள். கீழே விழும், கூட்டி அள்ளலாம். டிரம் சாண்டரில் வருவது மாவு. மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, 1995-இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்துவிட்டது. மூக்கின் உட்பகுதியில் வரும் புற்றுநோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பு தெளிவாகவே காணப்பட்டது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். துண்டின் இழைகளுக்கு இடையே அந்த மாவு தாராளமாகப் புகும். என்-95 முகக்கவசம் கட்டாயம் வேண்டும். அதற்கும் முன்னதாகத் தூசி வெளியே பரவாமல் உருளை மேலேயே பிடிக்கப்பட வேண்டும்.

இதற்கான வழி டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. நம் அரிசி ஆலைகளில் உமியையும் தவிட்டையும் காற்றிலிருந்து பிரிக்கும் சைக்ளோனை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கூம்பு வடிவத் தகரக் கூட்டுக்குள் காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழல, கனமானது சுவரில் மோதிக் கீழே இறங்கும், காற்று நடுவிலுள்ள குழாய் வழியே மேலே போகும். உருளையின் மேல் பெட்டிபோல ஒரு மூடி, அதிலிருந்து 4 அங்குலக் குழாய், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் செய்த சிறிய சைக்ளோன், அதன் பின் காற்றை இழுத்துத் தள்ளும் ஒரு புளோயர் என்று அமைத்தால் தூளில் பெரும்பகுதி அடியிலுள்ள டப்பாவில் விழுந்துவிடும். மிக நுண்ணிய தூளை சைக்ளோன் பிடிக்காது. ஆகவே புளோயரின் வாயைக் கொட்டகைக்கு வெளியே, வீட்டுச் சன்னல் இல்லாத பக்கமாக விட வேண்டும். அடியிலுள்ள டப்பா தகரமாகவே இருக்கட்டும். கொல்லை மரங்களில் கொடிக்கம்பி கட்ட அடித்த ஆணிகள் மரத்துக்குள்ளேயே புதைந்து கிடக்கும். உருளை அதில் உரசித் தெறிக்கும் ஒரு பொறி, மாவுக்குள் கனன்று இரவில் தீயாகலாம். நான் பலகையைக் காந்தத்தால் தடவிப் பார்த்த பிறகே உருளைக்கு விடுகிறேன், டப்பாவை அன்றன்று மாலையே காலி செய்துவிடுகிறேன்.

நான் செய்துள்ள உருளை மூடி, பெல்ட் பெட்டி, சைக்ளோன் ஆகியவற்றின் அளவுப்படத்தை இத்துடன் இணைத்துள்ளேன். அதைத் தாங்கள் வெளியிடுவதோடு, செய்தியில் இடம்பெற்ற இளைஞரிடமும் ஒரு பிரதியைச் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். படத்தில் உள்ள அவருடைய இயந்திரத்தின் சட்டத்தில் துளை எதுவும் புதிதாகப் போடாமலே இம்மூன்றையும் பொருத்த இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரிசி ஆலை ஃபிட்டர்,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.