நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த பிரதமர்

ஆசிரியருக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் ஐந்தாவது பிரதமர் ஆண்ட்ரூ ஃபிஷரைப் பற்றித் தங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1862இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பள்ளிக்குப் போக வேண்டிய வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினார். தொழிற்சங்கத்தில் முன்நின்றதால் அங்கே வேலை கிடைக்காமல் போக, 1885இல் குயின்ஸ்லாந்துக்குக் கப்பல் ஏறினார். ஜிம்பி தங்கச் சுரங்கத்தில் உழைத்து, 1893இல் மாகாணச் சட்டமன்றம், 1901இல் முதல் கூட்டாட்சி நாடாளுமன்றம் என்று உயர்ந்தார். மூன்று முறை பிரதமரானார்.

1910 தேர்தலில் அவருடைய தொழிற்கட்சி இரு அவைகளிலும் பெரும்பான்மை பெற்றது. அந்த ஆட்சியில்தான் அரசு வங்கியான காமன்வெல்த் வங்கி பிறந்தது. பிள்ளை பெற்ற தாய்க்கு ஐந்து பவுண்டு உதவித்தொகையும் 1912இல் வந்தது. மணமாகாத தாய்க்கும் உண்டு என்றது அந்தச் சட்டம். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! ஆனால் பழங்குடித் தாய்மாருக்கும் ஆசியத் தாய்மாருக்கும் அதே சட்டம் கதவை அடைத்தது. படித்தபோது நெஞ்சு கனத்தது. கட்டுரை வெளியிட்டால் இதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், மதுரை