டிராகுலாவுக்கு வெயில் ஆகாது என்று சொன்னது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ரத்தக்காட்டேரிப் படங்களைப் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது, ஓரிடம் மட்டும் உறுத்தியது. 'ட்வைலைட்' படத்தின் காட்டேரி நாயகன் வெயிலில் சாம்பலாகாமல் மினுமினுக்கிறான், 'டிராகுலா' நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் வகுத்த இலக்கணத்தையே கெடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்டோக்கர் அப்படி எதையும் வகுக்கவில்லை. 1897-இல் வந்த அவர் நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்காடிலியில் நின்று ஒரு பெண்ணை வெறித்துக்கொண்டிருப்பான், அதைப் பார்த்து, முன்பு அவன் கோட்டையில் சிக்கித் தப்பிவந்த ஹார்க்கர் வெலவெலத்துப் போவான். பகலில் அவனுக்குச் சக்தி குறையும், அவ்வளவுதான். கடைசியில் அவன் கதையை முடிப்பது இரண்டு கத்திகள்.

வெயில் பட்டால் சாவு என்பது சினிமா போட்ட விதி. 1922-இல் ஜெர்மனியில் முர்னோ எடுத்த 'நாஸ்ஃபெராட்டு'வில் சேவல் கூவிப் பொழுது விடியும், மொட்டைத் தலையும் எலிப் பல்லுமாக இருக்கும் காட்டேரி ஓர்லாக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே மங்கிப்போவான், தரையில் கொஞ்சம் புகை மட்டும் மிஞ்சும். ஸ்டோக்கர் நாவலின் உரிமையை வாங்காமல் எடுத்த படம் அது, ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டுப் பிரதிகளை அழிக்க உத்தரவே வாங்கிவிட்டார், தப்பித்த பிரதிகளால்தான் நாம் இன்று பார்க்கிறோம்.

அப்புறம் 1931 படத்தில் டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி. விருந்துக்குப் போகிறவர் மாதிரி உடுத்திக்கொண்டு வந்த அந்த டிராகுலாவுக்குப் படம் முழுக்க ஓரிடத்திலும் கோரைப்பல் தெரியாது, நம்பாவிட்டால் போட்டுப் பாருங்கள். கோரைப்பல்லும் சிவந்த கண்ணும் கலரில் 1958-இல் டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீயோடு வந்து மனதில் ஒட்டிக்கொண்டன. அந்தப் படத்தில் காட்டேரி வேட்டைக்காரராக வரும் பீட்டர் குஷிங் நீள மேசைமேல் ஓடித் தாவித் திரைச்சீலையைப் பிய்த்து இறக்குவார், இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைச் சிலுவையாகப் பிடித்து டிராகுலாவை வெளிச்சத்துக்குள் தள்ளுவார், முதலில் கால் பொடியாகும். வெயில் விதியை நம் மண்டையில் ஆணியடித்து மாட்டியது இந்தக் காட்சிதான் என்பது என் எண்ணம். ஆனால் 1992-இல் இயக்குநர் கொப்போலாவின் டிராகுலா தொப்பியும் கண்ணாடியுமாகப் பகலிலேயே லண்டனைச் சுற்றினான், அப்போது யாருக்கும் இலக்கணம் ஞாபகம் வரவில்லை!

எனக்கும் 'ட்வைலைட்' பிடிக்காதுதான், அதற்குக் காரணம் மினுமினுப்பு இல்லை. மிருக ரத்தத்தைக் குடித்துவிட்டு 'நாங்கள் சைவம்' என்று சொல்லிக்கொள்ளும் அந்த நாயகன் குடும்பத்தின் பசியை நம்மால் உணரவே முடியவில்லை. அதே 2008-இல் ஸ்வீடனில் வந்த 'லெட் த ரைட் ஒன் இன்' பாருங்கள். அழைக்காத வீட்டுக்குள் காட்டேரி நுழைய முடியாது என்பது நிஜமாகவே ஸ்டோக்கர் நாவலில் இருக்கும் விதி. அழைக்காமல் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று படத்தில் வரும் பையன் விளையாட்டாகச் சீண்ட, அவன் சிநேகிதியான காட்டேரிச் சிறுமி ஈலி பேசாமல் வாசலைத் தாண்டி வந்து நிற்பாள். மெல்ல உடம்பெல்லாம் ரத்தம் கசியத் தொடங்கும், பையன் பதறிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு உள்ளே வா என்று கத்துவான்.

திருத்தம் போடும்போது இந்தப் படத்துக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், திருச்சி