அந்தப் பிள்ளைக்கு ஊர் எது என்று முதலில் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெற்றோரை இழந்து சொந்தக்காரர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக் கரங்கள்' திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியபோது, இந்தக் காசு எந்த மூலைக்கு என்று கேட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 2,000 ரூபாய்க்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கணக்குப் போட எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பணத்தை நம்பி ஒரு பாட்டி பேத்தியைக் குழந்தைகள் இல்லத்தில் விடாமல் தன்னோடு வைத்துக்கொண்டால், அந்தப் பிள்ளைக்குத் தெரு மிஞ்சும், கோயில் மிஞ்சும், சண்டைக்கார அத்தையும் மிஞ்சுவாள். அப்படி ஒரு பாட்டிகூட இல்லாத பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலுக்கு ஒத்தாசையாகப் போகிறேன். சமையல் என்று சொன்னாலும் பாதி நாள் அடுப்பு மூட்டும் வேலையே இருக்காது. யாருக்காவது பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திவசம் என்று சாப்பாடு வந்துவிடும். வருவது பிரியாணி, இல்லையென்றால் கேசரியோடு சாப்பாடு. ஊரில் யார் யார் எந்தத் தேதியில் செத்தார்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். கொடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் இல்லாவிட்டால் இல்லம் ஓடாது. ஆனால் கடற்கரையில் பிறந்த ஒரு பெண் பன்னிரண்டு வயதில் மத்தி மீனை முள் பிரித்துச் சாப்பிடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

'பண்பாடு' என்று கேட்டால் இல்லத்தில் ஆண்டுவிழா ஆல்பத்தைக் காட்டுவார்கள். வாடகைக்கு எடுத்த உடை, ஒரு மாதம் பழகிய கரகாட்டம், முன்வரிசையில் விருந்தினர். சட்டத்திலும் கலை நிகழ்ச்சி பற்றி இருக்கிறது என்பார்கள். உண்மைதான், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இல்லங்கள் தர வேண்டிய சேவைகளில் விளையாட்டையும் கலை நிகழ்ச்சிகளையும் சேர்த்திருக்கிறது. ஆடட்டும், நல்லதுதான். ஆனால் அந்த மேடையில் ஆடும் பிள்ளை தன் ஊர்த் திருவிழாவை ஒருமுறைகூடப் பார்த்திருக்காது.

எங்கள் பக்கத்து மாசிமகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்குத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வருவார். பெருமாளின் துணைவியான தாயார் மீனவர் குலத்தில் பிறந்தவர் என்பது ஐதீகம். அதனால் பெருமாளே அந்த மீனவர்களுக்கு மாப்பிள்ளை. 'மாப்பிள்ளை வந்துட்டார்' என்று கரையே கூப்பாடு போடும். சொல்லிக்கொள்ள ஒரு மாமன் மச்சான் இல்லாத மீனவப் பிள்ளை அந்தக் கூட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். அழைத்துப் போகலாமா என்று கேட்டேன். திருமலைராயன்பட்டினம் காரைக்காலைச் சேர்ந்தது, அதாவது புதுச்சேரி. மாநிலம் தாண்டி அழைத்துப் போனால் யார் பொறுப்பு என்றார்கள். பக்கத்து ஊருக்குப் போகிற தூரம்தான் அது! பாதுகாப்புக் கவலை நியாயமானது, இல்லை என்று சொல்லவில்லை. இல்லத்துப் பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வழி செய்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

சாமி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த வரையில் இல்லத்தை நடத்துபவரின் சாமிதான் பிள்ளைகளின் சாமி. எந்த மதத்தார் நடத்தினாலும் பெரும்பாலும் இதே கதைதான். நாகூர் கந்தூரியில் வாப்பாவின் தோளில் உட்கார்ந்து கொடி பார்த்த பிள்ளைக்கும், வேளாங்கண்ணிக்கு நடந்தே போன குடும்பத்துப் பிள்ளைக்கும் அந்த நினைவு அவரவர் சொத்து. வீட்டைப் பிரிந்த குழந்தையை வேறிடத்தில் வளர்க்கும்போது அதன் இனம், மதம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20-வது பிரிவு சொல்கிறது. இந்தியா அதை 1992-லேயே ஏற்றுக்கொண்டது.

மொழி என்றால் தமிழ் மட்டும் இல்லை. ரயிலில் வழிதவறி வந்த ஒடிசாப் பையன் ஒருவன் எங்கள் இல்லத்தில் இருந்தான். பெயரும் ஊரும் எழுதக் கூடாது என்பது சட்டம், அதனால் விடுகிறேன். வந்த புதிதில் சாப்பாட்டைத் தொடாமல் 'பக்காளா, பக்காளா' என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒருவருக்கும் புரியவில்லை. பக்கத்தில் கட்டட வேலைக்கு வந்திருந்த ஒடிசாப் பெண் ஒருத்திதான் சிரித்துக்கொண்டே சொன்னாள், அது நம் பழைய சோறுதான் என்று. மறுநாள் தண்ணீர் ஊற்றிய சோறும் சுட்ட கத்தரிக்காயும் வைத்தேன், சட்டி காலி. அந்தப் பெண் வாரம் ஒருமுறை வந்து பேசட்டுமே என்றேன். வெளியாட்களை விட முடியாது என்றார்கள். காவல்துறையிடம் விவரம் சரிபார்த்து அனுமதித்திருக்கலாம். அப்புறம் ஒரு வழியாக அவனுடைய மாமனைக் கண்டுபிடித்துப் போனில் பேச வைத்தபோது, அந்தப் பக்கம் மாமன் ஒடியாவில் அழுகிறார், இந்தப் பக்கம் இவன் 'நல்லா இருக்கேன்' என்று தமிழில் சொல்லிக்கொண்டு நிற்கிறான்.

பெண்பிள்ளைகள் வயதுக்கு வரும்போது நாப்கின் பாக்கெட்டும் இரண்டு நாள் ஓய்வும் கிடைக்கின்றன. மஞ்சள் நீராட்டு வேண்டுமா வேண்டாமா என்பது தனி வாதம், எனக்கே அந்த மைக்செட் ஆரவாரம் பிடிக்காது. ஆனால் நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச ஒருத்தி வேண்டும் அல்லவா? அதற்கு அரசாணை தேவையில்லை. உளுந்தும் கருப்பட்டியும் போதும்.

இதையெல்லாம் செய்ய, பிள்ளை எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் பார்த்த கோப்புகளில் எடை, உயரம், ரத்த வகை, படிக்கும் வகுப்பு எல்லாம் இருந்தன. பூர்விகம் என்ற இடத்தில் 'தெரியவில்லை'. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்காது. வந்த முதல் வாரத்தில் வாய் ஓயாமல் சொல்லும்: வீட்டுக்குப் பின்னால் கால்வாய், மாமா வலை பின்னுவார், ஆத்தா இந்தப் பாட்டுப் பாடித் தூங்க வைக்கும், திருவிழாவில் கிடா வெட்டுவார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பாதி போய்விடும். அந்த முதல் வாரத்தில் ஒருவர் உட்கார்ந்து, பிள்ளை சொல்வதை அதன் வார்த்தையிலேயே எழுதவோ போனில் பதியவோ வேண்டும். வளர்ப்புப் பராமரிப்பில் வேறு குடும்பத்துக்குப் போனாலும் அந்த நோட்டு பிள்ளையோடு போக வேண்டும். 18 வயதில் இல்லத்தை விட்டுப் போகும்போது மாற்றுச் சான்றிதழோடு அதையும் கையில் கொடுக்க வேண்டும். பாட்டு, சாப்பாடு, திருவிழா மட்டும் இல்லை, தொலைந்த சொந்தத்தைத் தேடவும் அதுதான் துப்பு.

நம்மால் முடியாத காரியம் இல்லை இது. 2004 சுனாமிக்குப் பிறகு பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் அரசே காப்பகம் திறந்தது. அலை வந்த கரையிலேயே அவர்கள் வளர வழி கிடைத்தது.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு கோப்பில் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்க்கட்டும். பிறந்தநாளுக்குச் சாப்பாடு தர நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் 'உங்கள் பிள்ளைகள் வீட்டில் என்ன சாப்பிட்டுப் பழகியவர்கள்?' என்று இல்லத்தில் கேளுங்கள். மத்தி வாங்கிக் கொடுத்தால் நான் வந்து குழம்பு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.