அத்தைக்கு, பந்தியைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள அத்தை,

இறந்தவர்களோடு பேசுவது உங்களுக்குப் பிடிக்காது. கல்லறைக்குப் போனால்கூட, "அவங்க இங்க இல்லம்மா, வா போகலாம்" என்று முதலில் திரும்பி நடப்பவர் நீங்கள்தான். அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இது ஜெபம் அல்ல. உங்களைக் கூப்பிடுவதும் அல்ல. நீங்கள் இருந்தபோது முகத்துக்கு நேராகச் சொல்ல வராத ஒன்றை, உங்களைத் தெரிந்தவர்கள் வாசிக்கிற இடத்தில் எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஓராண்டு நினைவு ஜெபம் போன வாரம் முடிந்தது. ஒவ்வொருவராக எழுந்து உங்களைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். எல்லோரும் சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுதான்: அவர்கள் வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் திரும்ப முடியாது. அன்றைக்கும் யாரும் சாப்பிடாமல் திரும்பவில்லை. ஆனால் அத்தை, அதுதான் கடைசி. வாரக் கூட்டம் நம் வீட்டில் தொடர்ந்து நடக்கும். கூட்டம் முடிந்து போடுகிற சாப்பாட்டை இனி நான் தனியாகச் சமைக்கப்போவதில்லை.

சபையார் இதை வாசிப்பார்கள் என்று தெரியும். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் வீட்டில் சாப்பிட்ட யாருடைய வயிற்றையும் நான் கணக்குப் பார்த்ததும் இல்லை. உங்கள் மகன் முதலில் வாசித்துவிட்டு ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். மிச்சம் இருப்பது உங்களுக்கும் எனக்கும் நடுவில் உள்ளது.

லூக்கா பத்தாம் அதிகாரம் வாசித்த அந்தச் சாயங்காலம் உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு வந்த இயேசுவுக்காக மார்த்தாள் வேலையில் ஓட, அவள் சகோதரி மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்கிற பகுதி. சின்னவன் அப்போது என் வயிற்றில். நீங்கள் கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தீர்கள், நான் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், அடுப்பில் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. "மார்த்தாளே, மார்த்தாளே" என்ற இடம் வந்ததும் வாசிப்பை நிறுத்திவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பி, "இங்க வந்து உட்காரும்மா. மார்த்தாள் மாதிரி ஓடிக்கிட்டே இருக்காத" என்றீர்கள். எல்லாத் தலைகளும் திரும்பின. ஒருவர் சிரித்தார். யாரென்று எழுதமாட்டேன்.

வந்து உட்கார்ந்தேன். கையைக்கூடத் துடைக்கவில்லை. அப்புறம் நடந்த ஜெபத்தில் ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. சோப்பு நுரை விரல் இடுக்கில் காய்ந்து தோலை இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அடுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொதிக்கிற சத்தம் மாறுவது தெரிந்தது. பிறகு அடிப்பிடிக்கிற வாசனை. எழுந்திருக்கலாம் என்று நினைத்தபோது நீங்கள் ஜெபித்துக்கொண்டிருந்தீர்கள். என் வயிற்றுப் பிள்ளைக்காகத்தான் ஜெபித்தீர்கள். நீங்கள் அப்படி ஜெபிக்கும்போது நான் எப்படி எழுந்திருப்பேன்?

அந்த வாசனை உங்களுக்கும் வந்திருக்கும். இத்தனை வருஷமாக நான் அசைபோடுவது இதைத்தான். உங்களைவிடக் கூர்மையான மூக்கு அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. அப்படியிருந்தும் ஜெபத்தை நிறுத்தவில்லை, நீட்டினீர்கள். சாப்பாடு கருகினாலும் பரவாயில்லை, இந்தப் பெண் கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று நினைத்தீர்களா? இல்லை, எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க மனசில்லாமல் நீட்டினீர்களா? ஒரு நாள் முதலாவதுதான் சரி என்று படும். அடுத்த நாளே இரண்டாவதுதான் என்று கோபம் வரும்.

அன்று இராத்திரி எல்லோரும் போன பிறகு தண்ணீர் குடிக்க வந்தேன். நீங்கள் தரையில் உட்கார்ந்து அந்தப் பாத்திரத்தின் அடியைக் கம்பி நாரால் சுரண்டிக்கொண்டிருந்தீர்கள். மோதிர விரல் நகத்துக்குள் கரி ஏறியிருந்தது. திரும்பிப் பார்க்காமலே, "நீ போய்ப் படு" என்றீர்கள். போய்ப் படுத்துவிட்டேன். உதவிக்குக் குனியவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன், இப்போது கேட்கவும் செய்கிறேன். ஆனால் அத்தை, ஆறு மாத வயிற்றோடு காலையிலிருந்து நின்றவள் நான். என்னை மரியாளாக்கியதும் நீங்கள்தான், அந்த வேலையை மார்த்தாளாக இருந்து முடித்ததும் நீங்கள்தான். அதில் நான் கேட்கவேண்டிய மன்னிப்பு எவ்வளவு, உங்களுடையது எவ்வளவு என்று எனக்கு இன்னமும் பிரிக்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பகுதியை நான் வாசித்த அளவுக்கு வேறெதையும் வாசித்திருக்க மாட்டேன். பிரசங்கங்களில் மார்த்தாள் எப்போதும் தோற்றுப்போகிறவள். அவள் கேட்ட கேள்வியைப் பாருங்கள்: "ஆண்டவரே, நான் தனியே வேலைசெய்யும்படி என் சகோதரி என்னை விட்டுவந்திருக்கிறதைக்குறித்து உமக்குக் கவலையில்லையா?" வேலை செய்யமாட்டேன் என்று அவள் சொல்லவே இல்லை. ஆண்டவரை வீட்டில் ஏற்றுக்கொண்டவளே அவள்தான், லூக்கா அதைத்தான் முதலில் எழுதுகிறார். அவளுடைய பாரம் தனியாகச் செய்வது. ஆண்டவரும் சமைக்காதே என்று அவளிடம் சொல்லவில்லை, நீ கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றார். யோவான் பதினொன்றில், அவள் சகோதரன் லாசரு இறந்தபோது, "நீர் உலகத்தில் வருகிறவரான தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று அறிக்கை செய்கிறவள் இதே மார்த்தாள்தான். பேதுரு சொன்னதற்குக் கொஞ்சமும் குறையாத அறிக்கை. அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் ஆண்டவருக்கு இராவிருந்து. அங்கேயும் "மார்த்தாள் பணிவிடைசெய்தாள்" என்று இருக்கிறது. அந்த முறை அவளை யாரும் கண்டிக்கவில்லை. வேலை அதேதான், அவளும் அவளேதான். இதை உங்களிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்து நின்றுவிடும்.

உங்களிடம் நான் கற்றுக்கொண்டதையும் சொல்லவேண்டும். கூட்டம் முடிந்து தட்டுகளைக் கழுவும்போது, அதில் சாப்பிட்டவர் பெயரை மெதுவாகச் சொல்லி ஒவ்வொன்றாகக் கவிழ்ப்பீர்கள். பாதியிலேயே வைத்துவிட்டுப் போனவருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஜெபிப்பீர்கள், அவருக்கு மனசு சரியில்லை என்று. யாருடைய தட்டு எது என்று எப்படித்தான் தெரிந்ததோ. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸைப் பற்றிப் பிறகு வாசித்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. அவருக்குச் சமையலறை வேலை சுபாவமாகவே கொஞ்சமும் பிடிக்காதாம். அப்படியும் 15 வருஷம் அங்கே எல்லாவற்றையும் தேவனுக்காகவே செய்து, ஜெப நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் ஆக்கிக்கொண்டார். நீங்கள் அவரைப் படித்ததில்லை. நீங்களாகவே அங்கே வந்து சேர்ந்திருந்தீர்கள். இன்றைக்கும் தட்டைக் கவிழ்க்கும்போது நானும் பெயர் சொல்கிறேன். என் பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

என் பெயரை நீங்கள் எந்தத் தட்டில் சொன்னீர்கள் என்றுதான் தெரியவில்லை. கடைசியில் சாப்பிட்டது நான். என் தட்டை நானே கழுவிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று நீதிமொழிகள் 31 வாசித்து என்னை வீட்டுக்குள் அழைத்தீர்கள். அதன் கடைசி 22 வசனம், எபிரெய எழுத்து வரிசைப்படி ஒன்றுவிடாமல் எழுதிய பாட்டு. அதில் அந்தப் பெண் இருட்டோடே எழுந்திருப்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதே 15ஆம் வசனத்தில் அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள் என்பதை யாரும் நிறுத்தி வாசிப்பதில்லை. கடைசி வசனம், "அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள்" என்று வீட்டாருக்கும் ஊராருக்கும் ஒரு கட்டளை. அதையும் பாராட்டாகத்தான் வாசிக்கிறோம். ஒரு ராஜாவுக்கு அவன் தாய் சொல்லிக்கொடுத்ததாகத் தொடங்குகிற அதிகாரம் அது. மகன்களுக்குச் சொல்லவேண்டியதை மருமகள்களுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நீங்கள் உங்கள் மகனுக்கு எவ்வளவோ நல்லதைக் கற்றுக்கொடுத்தீர்கள், அதில் எனக்குக் குறை கிடையாது. இதற்கு மேல் இங்கே எழுதுவது சரியாக இருக்காது.

பேதுருவின் மாமியை நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். காய்ச்சல் நீங்கினது, உடனே எழுந்து பணிவிடை செய்தாள். அதை அப்படியே வாழ்ந்தும் காட்டினீர்கள். கடைசி வருஷத்தில்கூட நெற்றி சுடச்சுட அடுப்பு முன்னால் நின்றீர்கள். அவளுக்கு ஆண்டவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார், காய்ச்சல் போய்விட்டது. உங்களுக்குப் போகவில்லையே அத்தை. காய்ச்சலோடு நிற்கச் சொல்லி எந்த வசனத்தில் இருக்கிறது? நீங்கள் நின்றதால் நானும் படுக்க முடியவில்லை. நம் வீட்டில் உடம்பு முடியாமல் படுப்பதே விசுவாசக் குறைவு போல ஆகிவிட்டது. டாக்டரிடம் ஒரு மாதம் முன்னால் போயிருந்தால் என்று நான் யோசிக்காத நாள் குறைவு. அன்று கூட்டம் இருக்கிறது, அடுத்த வாரம் போகலாம் என்றது நீங்கள். சரி என்று தலையாட்டியது நாங்கள் எல்லோரும்.

உங்களுக்கு ரொம்பப் பிடித்த, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லிக்கு வருகிறேன். 19 பிள்ளைகளைப் பெற்று, அதில் கிட்டத்தட்டப் பாதியைக் குழந்தையிலேயே பறிகொடுத்தவர். 1711-12 குளிர்காலத்தில் போதகரான கணவர் லண்டனில் இருந்தபோது, எப்வொர்த் வீட்டில் பிள்ளைகளுக்காக ஞாயிறு மாலை ஜெபம் தொடங்கினார். அக்கம்பக்கத்தார் வந்து வந்து ஏறக்குறைய 200 பேராகிவிட்டார்கள். புகார் போய், நிறுத்திவிடலாம் என்று கணவர் எழுதினார். விருப்பம் என்று சொன்னால் போதாது, தெளிவாகக் கட்டளையிடுங்கள், நியாயத்தீர்ப்பு நாளில் அந்தப் பொறுப்பு என் மேல் வராதபடி, என்று பதில் எழுதினார் அந்த அம்மா. இதைச் சொல்லும்போது உங்கள் குரலே மாறிவிடும். நம் வீட்டுக் கூட்டமும் உங்களுக்கு அப்படித்தான் என்று எனக்குப் புரியும். ஆனால் அந்த 200 பேருக்கும் அவர் சமைத்துப் போட்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

என் மனசை முடிவுக்குக் கொண்டுவந்தது அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம். எருசலேம் சபையில் அன்றாடப் பந்தியில் சில விதவைகள் விடுபட்டுப் போனதால் முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் அதை அவரவர் வீட்டுப் பெண்களின் தலையில் கட்டவில்லை. நற்சாட்சி பெற்றவர்களாய், பரிசுத்தஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாய் ஏழு ஆண்களைச் சபையாரே தெரிந்தெடுக்கச் சொல்லி, ஜெபித்து, அவர்கள் மேல் கைகளை வைத்துப் பந்திக்கு அனுப்பினார்கள். முதல் இரத்தசாட்சி ஸ்தேவான் முதலில் ஏற்ற வேலை பந்திவிசாரணை. எத்தியோப்பிய மந்திரிக்கு ஞானஸ்நானம் கொடுத்த பிலிப்பும் அந்த ஏழு பேரில் ஒருவர். பந்தி சபையின் வேலை, அத்தை. அதை ஒரே பெண்ணின் நல்ல குணமாக்கியது நாம்தான். "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்" என்று பேதுரு எழுதுகிறார். அந்த 'ஒருவரையொருவர்' நம் வீட்டில் ஒருவழியாகவே இருந்துவிட்டது.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறோம். வருகிற குடும்பங்கள் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவரும். பரிமாறுவதும் கழுவுவதும் சகோதரர்கள். யாருக்கும் முடியாத வாரத்தில் ஜெபம் மட்டும் நடக்கும், சாப்பாடு இருக்காது. போதகர் ஐயாவிடம் பேசிவிட்டோம், சரி என்றார். ஒருசிலருக்கு வருத்தம்தான். "மாமி இருந்திருந்தா இப்படி நடக்குமா" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். நடந்திருக்காது. அதனால்தான் நீங்கள் இருந்தவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. பயம் பாதி. மீதி, உங்கள் கையில் இருந்த சந்தோஷத்தைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் அதைச் சந்தோஷமாகத்தான் செய்தீர்கள், அதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. வராததை வந்ததுபோல் காட்டிக்கொண்டு இன்னும் இருபது வருஷம் நிற்க என்னால் முடியாது.

மாமியாரை விட்டுப் பிரியாத ரூத்தும், அந்த மாமியார் நகோமியும் என்று சபையில் நம்மைச் சொல்வார்கள். அப்படியெல்லாம் நாம் இருந்ததில்லை, உங்களுக்கே தெரியும். ஆனாலும் உங்கள் தேவன் என் தேவனானது உங்கள் அடுக்களையில்தான். அதை யார் கேட்டாலும் சொல்வேன்.

இந்த வாரம் பரிமாறுகிற முறை உங்கள் மகனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும். வாசிக்கிற பகுதி அப்போஸ்தலர் ஆறு, ஒன்று முதல் ஏழு வரை. வாசிப்பது நான்.

உங்கள் மருமகள்