முகத்தை மட்டும் வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

கரீபிய உருவப்படங்கள் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில் பிரான்சிஸ் வில்லியம்ஸின் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தில் பேசுவதே அவரைச் சுற்றியுள்ள அறைதான்.

வில்லியம்ஸ் ஜமைக்காவின் கறுப்பின அறிஞர். லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்த எண்ணெய் ஓவியத்தின் உயரம் சுமார் 66 செ.மீ.தான். அதற்குள் புத்தக அலமாரி, பூகோள உருண்டை, விரித்த நூல், சன்னலுக்கு அப்பால் நிலக்காட்சி எல்லாம் உண்டு. தலை பெரிது, கால்கள் குச்சி. அதனால் கேலிச்சித்திரம் என்று பலர் தள்ளிவிட்டார்கள். 1774இல் வெளியான தம் ஜமைக்கா வரலாற்றில் வில்லியம்ஸை மட்டம்தட்டிய எட்வர்ட் லாங்கின் குடும்பத்திடம் இப்படம் இருந்ததும் அந்த எண்ணத்துக்குத் தோதாகிவிட்டது. 2024இல் வரலாற்றாசிரியர் ஃபாரா தபோய்வாலா வேறு வாசிப்பை முன்வைத்தார்: விரித்திருப்பது நியூட்டனின் 'பிரின்சிபியா' மூன்றாம் பதிப்பின் 521ஆம் பக்கம், வானில் தெரிவது 1759இல் திரும்பி வந்த ஹேலி வால்நட்சத்திரம். அப்படியானால் இது கேலியல்ல, வானியல் அறிந்தவர் தம்மைப் பற்றிச் செய்த அறிவிப்பு. படக்குறிப்பில் நீங்கள் தந்திருக்கும் 1745 என்ற ஆண்டும் அடிபட்டுப் போகிறது.

அதே கட்டுரையில் வரும் இத்தாலிய ஓவியர் பிரூனியஸ் விஷயம் நேர்மாறு. கரீபியத் தீவான டொமினிக்காவில் 18ஆம் நூற்றாண்டில் அவர் தீட்டிய சந்தைக் காட்சிகளில் தலைப்பாகை, துணி, நகை அத்தனையும் நுணுக்கம். கரும்புத் தோட்டத்துச் சாட்டை மட்டும் கண்ணில் படாது. அவரை அழைத்துவந்த வில்லியம் யங், பிரிட்டனுக்குப் புதிதாகக் கிடைத்த தீவுகளின் நிலத்தை விற்கும் பொறுப்பில் இருந்தவர். இதைக் கட்டுரை சொல்லவில்லை.

இக்கால ஜமைக்கக் கலைஞர் எபொனி பாட்டர்சனின் படத்தில் கோளாறு அச்சில். டான்ஸ்ஹால் என்ற ஜமைக்க இசை, நடன வட்டத்து இளைஞர்கள் தோலை வெளுப்பதைப் பற்றிய படைப்பு அது. தோலின் நிறமே அங்கே பொருள். செய்தித்தாளில் மைப்புள்ளி விரியும்; நடுத்தர நிழலில் 50 சதவீதப் புள்ளி சுமார் 76 சதவீதமாகத் தெரியும். நான்கு மைகளின் கூட்டு 240 சதவீதத்தைத் தாண்டினால் கருநிறம் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பயந்து படம் முழுவதையும் வெளிச்சமாக்கினால், ஓவியர் வெளுக்காத கழுத்தையும் கையையும் நீங்கள் வெளுத்துவிடுகிறீர்கள். நடுத்தர நிழல்களை மட்டும் சற்று வெளிச்சமாக்கி, அங்கே கறுப்பு மையைக் குறைத்து, அச்சுத்தாளிலேயே ஒரு மாதிரி எடுத்துப் பாருங்கள்.

இடமில்லையென்றால் மூன்று படங்களுக்குப் பதில் ஒன்றை முழுதாகப் போடுங்கள். கீழே அளவு, ஊடகம், யாருக்காகத் தீட்டியது என்ற மூன்றும் வரட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்