அம்மாவின் ஹோம்ஸும் என் கொலம்போவும்

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் ஒன்று சொல்ல, பக்கத்தில் இருந்து அம்மா வேறொன்று சொல்ல, உனக்கு ஒன்றுமே விளங்கியிருக்காது. இந்தக் குளிர்காலம் மருமகனும் நீயும் இருந்து பார்க்கிறதற்கு நல்ல பழைய துப்பறியும் தொடர் ஒன்று சொல்லுங்கோ என்றாய். அம்மா ஹோம்ஸ் என்றா. நான் கொலம்போ என்றேன். இது இந்த வீட்டில் நெடுநாளாக இழுபடுகிற வழக்கு. ஆறுதலாக எழுதுகிறேன், இரண்டு பக்கத்தையும் கேட்டு நீயே தீர்ப்புச் சொல். எழுதுகிறவன் நான் என்பதால் என் கட்சிக்குக் கொஞ்சம் கூட இடம் போகும், அதைப் பொறுத்துக்கொள்.

ஸ்காபரோவில் நாங்கள் முதல் இருந்த அப்பார்ட்மென்ற் உனக்கு ஞாபகம் இருக்காது. பத்தாம் மாடி, தெற்குப் பார்த்த பல்கனி. கேபிளுக்குக் கட்டக் காசில்லை. ஆரோ வேண்டாமென்று கீழே வைத்துவிட்டுப் போன ரீவியைத் தூக்கிவந்து, முயல்காது அன்ரெனாவைப் பல்கனிப் பக்கம் திருப்பி வைத்தால், ஏரிக்கு அந்தப் பக்கம் பஃபலோவில் இருந்து அமெரிக்க நிலையங்கள் இழுக்கும். ஏழாம் சனலில் ஏபிசி, பதினேழில் பிபிஎஸ். காற்றடித்தால் படம் கோடு கோடாக ஓடும். அம்மா எழும்பிப் போய் அன்ரெனாவில் கை வைத்தால் உடனே தெளியும், கையை எடுத்தால் திரும்பக் கோடு. சில கொலைகளை அவ முழுக்க நின்றுகொண்டே பார்த்திருக்கிறா.

கொலம்போ என்பிசியில் 1971 தொடக்கம் 1978 வரை ஓடி நின்றுபோன தொடர். 1989-இல் ஏபிசி அதைத் திரும்பத் தொடங்கினபோதுதான் எங்கள் கண்ணில் பட்டது. பழையவற்றைப் பிறகு வீடியோக் கசற் எடுத்துப் பார்த்தோம். அம்மாவுக்கு அப்போது ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், அமெரிக்கர் கதைத்தால் விளங்காது. ஆனால் இந்த மனுசன் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி மூன்று தரம் கேட்பார். முதல் தரம் தவறவிட்டதை மூன்றாம் தரம் பிடித்துவிடலாம். இப்போது ஹோம்ஸுக்காக வாதாடுகிற உன் அம்மா ஆங்கிலம் கேட்கப் பழகினது கொலம்போவிடம்தான். இதை வேணுமென்றே எழுதுகிறேன்.

இதில் கொலைகாரன் ஆர் என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். எப்படிக் கொன்றான், எதை மறைத்தான், எல்லாம் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் அழுக்குக் கோட்டோடு பொலிஸ் லெப்டினன்ட் கொலம்போ வந்து சேர்வார். பிறகென்ன பார்க்க இருக்கிறது என்று மருமகன் கேட்பார். பார்க்க இருக்கிறதே பிறகுதான். இரண்டு மனிதர்கள் கதைக்கிறார்கள், அவ்வளவுதான் படம். ஒருவன் பணக்காரன், படித்தவன், ஊர் மதிக்கிறவன். மற்றவர் பென்சிலைத் தேடுகிறார், மனிசியைப் பற்றிக் கதைக்கிறார், அணைந்த சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெருப்புப்பெட்டி கேட்கிறார். ஆள் போய்விட்டார் என்று கொலைகாரன் மூச்சு விடுகிறபோது கதவடியில் இருந்து திரும்பி வந்து, இன்னும் ஒரேயொரு விசயம் என்பார். அந்தத் திரும்புதலுக்காகத்தான் இருந்து பார்ப்போம்.

ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்று பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர் இரண்டு பேர் உண்டாக்கின பாத்திரம் இது. தொடரில் கொலம்போவாக வருகிற பீற்றர் ஃபோக்குக்கு முதல் இரண்டு பேர் அதில் நடித்துவிட்டார்கள். 1960-இல் தொலைக்காட்சியில் பேர்ட் ஃப்ரீட், பிறகு மேடையில் தோமஸ் மிச்சல். 1968-இல் படமாக எடுக்க நினைத்தபோது பாட்டுக்காரர் பிங் குரொஸ்பியைக் கேட்டார்கள், அவர் மாட்டேன் என்றுவிட்டார். நல்லகாலம்! ஃபோக் வந்துதான் அந்தக் கோட்டு வந்தது. அது அவருடைய சொந்தக் கோட்டு. நியூயோர்க்கில் மழைக்குள் அகப்பட்டபோது கடையில் நுழைந்து வாங்கினதாம். ஸ்ரூடியோவின் வாகனங்கள் நிற்கிற இடத்தில் ஒரு மூலையில் கிடந்த பழைய பேஜோ 403 காரைத் தெரிந்தெடுத்ததும் அவரே. கோட்டும் காரும் சுருட்டும் சேர்ந்த உடனே, இந்த ஆளால் எனக்கென்ன வரப்போகிறது என்று கொலைகாரன் நினைத்துவிடுகிறான். உன் அப்பப்பாவும் சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் காணி வழக்குக் கதைப்பார். எதிர்க்கட்சிக்காரர் தங்களை அறியாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எனக்கு அவரைப் பிடித்ததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அந்த நாளில் நான் டவுன்ரவுனில் ஒரு பெரிய கட்டடத்தில் இரவுக் காவல். வாசலில் ஒரு மேசை, ஒரு கொப்பி, நான். சூட் போட்டவர்கள் லிஃப்ற்றுக்குக் காத்து நிற்கும்போது, ஆரை வேலையால் நிற்பாட்டப் போகிறோம், ஆருக்கும் ஆருக்கும் சரிவராது என்பதெல்லாம் எனக்கு முன்னாலேயே கதைப்பார்கள். மேசைக்குப் பின்னால் இருக்கிறவனுக்குக் காது இருக்கிறது என்ற நினைப்பே இல்லை. கொலம்போவின் கொலைகாரர்களும் அந்த வகை ஆட்கள்தான். சத்திரசிகிச்சை நிபுணர், இசைக்குழு நடத்துனர், எழுத்தாளர், வைன் தயாரிப்பாளர். தெருச் சண்டியர் ஆரும் இல்லை. மாளிகைக்குள் அவரை வேலைக்காரனைப் போல நிற்க வைத்துக் கதைப்பார்கள். அவர் ‘சேர், சேர்’ என்று கேட்டுக்கொண்டே நிற்பார். நான் வேலையால் விடிய வந்து, முதல் நாள் இரவு அம்மா பதிந்து வைத்ததைப் போட்டுப் பார்ப்பேன். அந்த ‘சேர்’ எனக்கு எவ்வளவு புழுகம் தந்தது என்று உனக்குச் சொல்லி விளங்காது.

எப்போதும் பணிந்தே நிற்கிற மனுசன் ஒருதரம் கோபப்படுகிறார். 1973-இல் வந்த பகுதி. ஸ்ரார் ட்ரெக்கில் ஸ்பொக்காக நடித்த லெனர்ட் நிமோய் அதில் இருதய வைத்தியர். தன்னோடு ஆராய்ச்சி செய்கிற மூத்த வைத்தியருக்குச் சத்திரசிகிச்சை செய்யும்போது, கரையாத நூலால் தைக்க வேண்டிய இடத்தில் கரைகிற நூலால் தைத்துவிடுகிறார். கொஞ்ச நாளில் நூல் கரையும், மனுசன் தானாகச் செத்ததாகப் போய்விடும். சந்தேகப்பட்ட நேர்ஸ் உயிரோடு இல்லை. கொலம்போ கந்தோரில் வந்து நின்று, நோயாளியை வடிவாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். நிமோய் வாய்விட்டுச் சிரிக்கிறார். அப்போது கொலம்போ தண்ணீர்க் குடுவையைத் தூக்கி மேசையில் ஓங்கி அடிப்பார் பார், எங்கள் ரீவியே அதிர்ந்தது மாதிரி இருந்தது. நீதான் கொன்றாய் என்று நேரே சொல்லிவிடுகிறார். குரலில் பகிடி இல்லை, தடுமாற்றம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான், இவ்வளவு நாளும் இந்த மனுசன் எங்களையும் சேர்த்தே பேய்க்காட்டியிருக்கிறார் என்று விளங்கும். முடிவைச் சொல்லமாட்டேன்.

ஃபோக்கின் வலது கண் கண்ணாடிக் கண். மூன்று வயதில் கண்ணில் புற்றுநோய் வந்து எடுத்துவிட்டார்கள். சின்ன வயதில் பேஸ்போல் விளையாடும்போது நடுவர் அவுட் கொடுக்க, கண்ணைக் கழற்றி நீட்டி, இதை வைத்துப் பார் என்றாராம். அவரே சொன்ன கதை. படித்துவிட்டு கனெக்ரிகட் மாநில அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர், அதை விட்டுவிட்டுத்தான் நடிக்க வந்தார். பென்சில் தேடுகிறது, சம்பந்தமில்லாததைக் கேட்கிறது எல்லாம் எழுத்தில் இருந்தது மட்டுமில்லை, எதிரில் நிற்கிற நடிகரைத் தடுமாற வைக்க அவர் இடையில் தானாகச் செருகினவையும் உண்டு. அந்த நடிகர்களின் முகத்தில் வருகிற எரிச்சலில் பாதி உண்மை என்று நான் நம்புகிறேன். இந்தப் பாத்திரத்துக்கு மட்டும் நாலு எம்மி, அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருது. 2011-இல் மறதிநோயோடு காலமானார்.

இனி அம்மாவின் கட்சி. ஜெரமி ப்ரெட் ஹோம்ஸாக நடிக்க, மன்செஸ்ரரில் கிரனடா நிறுவனம் எடுத்த ஷேர்லொக் ஹோம்ஸ், 1984 தொடக்கம் 1994 வரை, மொத்தம் 41 பகுதி. இங்கே பிபிஎஸ்ஸில் ‘மிஸ்ரரி’ என்ற நிகழ்ச்சியில் வந்தது. அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் ஜோன் வில்சன் ப்ரெட்டின் மனைவி. 1985-இல் அவர் புற்றுநோயில் போனபிறகு ப்ரெட் மனநோயால் உடைந்துபோனார். அதற்கு எடுத்த மருந்தால் உடம்பு ஊதியது. சின்ன வயதில் வந்த காய்ச்சலால் இருதயமும் ஏற்கனவே பழுது. கடைசிப் பகுதிகளில் மூச்சு வாங்குகிறதைப் பார்க்கலாம். அப்படியும் விடவில்லை. 1995-இல், 61 வயதில் இறந்துபோனார்.

ஹோம்ஸ் எப்படிச் சாப்பிடுவார், எப்படி நடப்பார் என்று கதைகளில் இருந்து பொறுக்கின 77 பக்கக் குறிப்பைக் கையில் வைத்திருந்தவர் அவர். சோபாவுக்கு மேலால் பாய்வார், திடீரென்று ஒரு சிரிப்பு வெடித்து அடுத்த நொடியே அடங்கும், விரல்கள் சும்மா இராது. கதையில் ஹோம்ஸ் கொக்கெயின் ஊசி போடுகிறவர்தானே? சின்னப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், கோர்ன்வோலில் எடுத்த ஒரு பகுதியில் அந்த ஊசியைக் கடற்கரை மணலில் புதைக்கிற மாதிரி ஒரு காட்சி வைக்கவேணும் என்று நின்றார். ஹோம்ஸ் கதைகளை எழுதின கொனன் டொயிலின் மகளிடம் அனுமதி வாங்கித்தான் வைத்தார்கள். அம்மாவுக்கு அந்தக் காட்சி போதும், மற்ற 40 பகுதியும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பா.

அவவின் வாதம் இதுதான்: கொலம்போ நடிக்கிறது தெரியாது, அது கெட்டித்தனம்தான். ப்ரெட் நடிக்கிறார் என்று நல்லாய்த் தெரியும், தெரிந்தும் கண்ணை எடுக்க ஏலாது, அது அதைவிடக் கெட்டித்தனம். எனக்கு இதற்கு இன்னும் மறுமொழி கிடைக்கவில்லை. ஆனால் ஹோம்ஸின் கூட்டாளி வொட்சனாக வருகிற எட்வேர்ட் ஹார்ட்விக் இல்லாமல் ப்ரெட்டைக் கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது என் கருத்து. முதலில் வொட்சனாக நடித்தவர் டேவிட் பேர்க், அவரும் குறைந்தவர் இல்லை. கொலம்போவுக்கு அப்படித் துணை ஒன்றும் தேவைப்படவில்லை, காருக்குள் படுத்திருக்கிற நாயைத் தவிர.

மற்றவர்களையும் தொட்டுவிட்டுப் போகிறேன். துப்பறிகிற கிழவி மிஸ் மார்ப்பிள் என்றால் ஜோன் ஹிக்சன்தான், வேறு ஆரையும் பார்க்காதே. 1940-களில் அவரை மேடையில் பார்த்த, மார்ப்பிள் கதைகளை எழுதின அகதா கிறிஸ்ரி, ஒருநாள் நீங்கள் என் மார்ப்பிளாக நடிக்கவேணும் என்று எழுதி அனுப்பினாராம். அது நடந்தபோது ஹிக்சனுக்கு எழுபத்தெட்டு வயது, கிறிஸ்ரி இறந்து எட்டு வருசம். பின்னல் ஊசியும் கையுமாக இருந்துகொண்டு எங்கள் ஊர்ப் பெரியம்மா ஒருவரைப் போல எல்லாரையும் எடை போடுவா. கிறிஸ்ரியின் இன்னொரு துப்பறிவாளர் புவாரோவாக டேவிட் சூஷே 1989-இல் தொடங்கி 2013-இல்தான் முடித்தார், 70 பகுதி. நடைக்காகப் பின்பக்கத்தில் ஒரு பென்னிக் காசை இறுக்கி வைத்து நடந்து பழகினதாகச் சொல்லியிருக்கிறார். அதை அறிந்த பிறகு அவர் நடக்கிறபோதெல்லாம் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, கொலையில் கவனம் போவதில்லை.

சரி, எங்கே தொடங்குகிறது? 1971-இல் ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் இயக்கின கொலம்போவில் தொடங்கு. அவருக்கு அப்போது இருபத்துநாலு வயது. ஜக் கசிடி கொலைகாரன், பல்லைக் காட்டிச் சிரிக்கிறதுக்கென்றே பிறந்த மனுசன். அடுத்தது ஃபோக்கின் உயிர்ச் சிநேகிதர் ஜோன் கசவெற்றிஸ் இசைக்குழு நடத்துனராக வருகிறது. பிறகு நிமோய். 1974-இல் பாடகர் ஜொனி காஷ் கொலைகாரனாக வந்ததையும் விடாதே, கொலம்போ தான் பிடித்த ஆளின் மேல் இரக்கப்படுகிறதை அதில் பார்க்கலாம். பற்றிக் மக்கூகன் நாலு தரம் கொலைகாரனாக வந்திருக்கிறார், ஒவ்வொரு தரமும் வேறு ஆள் மாதிரி. 1989-க்குப் பிறகு வந்தவற்றைக் கடைசிக்கு வை. நாங்கள் முதலில் பார்த்தவை அவைதான் என்றாலும், பழையவற்றின் பக்கத்தில் வைத்தால் அவை தண்ணீர் கலந்த பால்தான்.

இடையிடையே அம்மாவின் ஹோம்ஸையும் ஒன்று போடு, இல்லாவிட்டால் என்னைத்தான் கேள்வி கேட்பா. ஒவ்வொரு கொலம்போவும் கிட்டத்தட்ட ஒன்றேகால் மணித்தியாலம் ஓடும், சிலது ஒன்றரைக்கும் மேலே போகும். வேலை நாளில் தொடங்கவேண்டாம். மருமகன் பாதியில் நித்திரையாகிவிட்டால் எழுப்பாதே, கொலைகாரன் ஆர் என்று அவருக்குத் தெரியும்தானே.

அன்புடன்,
அப்பா