எழுதியவருக்குப் போய்ச் சேராத குறிப்புகள்

அன்புள்ள தம்பிக்கு,

உமது பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சில வரிகளை வாசித்ததும் இக்கடிதம் உமக்கானது என்பது உமக்கு விளங்கிவிடும். மற்றவர்களுக்கு அது தெரியவேண்டிய அவசியமில்லை. மாணவர்களின் பாட ஒப்படைகளை நீர் காசுக்கு எழுதிக் கொடுப்பதைப் பற்றிப் பேச இரண்டு தடவை தொலைபேசியில் அழைத்தேன். இரண்டாம் தடவை, "மிஸ், நான் ஒருவரிடமும் களவெடுக்கவில்லை, என்னுடைய உழைப்பைத்தான் விற்கிறேன்" என்று சொன்னீர். அதற்கு அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. பத்து நாட்களாக யோசித்தபின் எழுதுகிறேன். பலரும் வாசிக்கும் இடத்தில் எழுதுவதற்குக் காரணம், வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் வாடகை அறைகளில் இருந்துகொண்டு இதே வேலையைச் செய்யும் பிள்ளைகள் உம்மைத் தவிர வேறும் இருக்கிறார்கள் என்பதுதான்.

உம்மை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டீர். சென்ற மாதம் விநியோகச் சங்கிலி முகாமைத்துவப் பாடத்துக்கான ஒப்படைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 46ஆவது ஒப்படையில், புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் லொறியிலிருந்து இறங்கும் வெங்காய மூட்டை கடைக்குள் போகுமுன் எத்தனை கை மாறுகிறது, மூட்டை சுமக்கும் ஒரு நாட்டாமையின் கைவண்டி ஒரு மணித்தியாலத்தில் எத்தனை நடை போய் வருகிறது, மழை பிடித்துக்கொண்டால் அந்த எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்றெல்லாம் எழுதப்பட்டிருந்தது. சில வருடங்களுக்கு முன்பு என் வகுப்பில் ஒரே ஒருவர்தான் அதிகாலை ஐந்து மணிக்கு அந்தத் தெருவில் போய் நின்று, மழையில் மூலை நனைந்து மை பரவிய கொப்பியோடு என்னிடம் வந்தவர். வசனங்கள் புதியவை, ஆனால் அந்தக் கைவண்டியை அந்த விதமாகப் பார்த்த கண் உம்முடையது. பார்த்தெழுதியதைக் கண்டுபிடிக்கும் 'டர்னிட்டின்' என்ற மென்பொருள் அந்த ஒப்படையில் எந்தக் குறையும் காணவில்லை. ஏற்கெனவே எங்காவது இருக்கும் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அதன் வேலை என்பதால், ஒருவருக்காகப் புதிதாக எழுதிக் கொடுத்ததை அது பிடிக்காது. அந்த மாணவனை அழைத்து, "தெருவின் எந்தப் பக்கத்தில் நின்று எண்ணினீர்?" என்று மட்டும் கேட்டேன். மேசையைப் பார்த்துக்கொண்டே, "மிஸ், நான் புறக்கோட்டைப் பக்கம் போய்க் கனநாள்" என்றான். அதன்பிறகு எல்லாவற்றையும் சொன்னான்: 18,000 ரூபா கொடுத்தது, இடையில் ஒருவர் இருப்பது, வட்ஸ்அப்பில் கோப்பு வந்தது. நிறுவன விதிப்படி செய்யவேண்டியதை நான் செய்தேன்.

அந்த 18,000இல் உமக்கு வந்தது 7,000 என்று நீரே சொன்னீர். உமது நிலைமையை நான் அறியாதவள் அல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டபோது, உமது அப்பாவின் கடை மூடப்பட்டதும், நீர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நேர்முகத் தேர்வுகளுக்கு அலைந்ததும் எனக்குத் தெரியும். இது உம் ஒருவருடைய கதையும் அல்ல. நைரோபியில் பட்டம் முடித்து வேலை கிடைக்காத பலர் பிரித்தானிய, அமெரிக்க மாணவர்களுக்காக இரவிரவாக இதே வேலையைச் செய்கிறார்கள். அங்கும் பெரிய பங்கை இடையில் நிற்பவர்தான் எடுத்துக்கொள்கிறார். 2006இல் ரொபர்ட் கிளார்க், தோமஸ் லங்காஸ்டர் என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்கள், மாணவர்கள் தமது கணினிப் பாட ஒப்படைகளை இணையத்தில் ஏலத்துக்கு விட்டு, குறைந்த விலை சொல்பவரிடம் எழுதி வாங்குவதை ஆராய்ந்து, அதற்கு 'ஒப்பந்த மோசடி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். 2018இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, முந்தைய 65 ஆய்வுகளில் பங்குபற்றிய 54,514 பேரின் பதில்களைத் தொகுத்தது. அதில் 2014 முதலான ஆய்வுகளில் 15.7 சதவீதமானோர் காசு கொடுத்து எழுதுவித்ததை ஒப்புக்கொண்டிருந்தார்கள்; அதாவது ஆறில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. ஒப்புக்கொண்டவர்கள் மட்டும்.

அவுஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் இதற்கெதிராகச் சட்டம் இயற்றின. அவை குற்றவாளியாகக் கருதுவது வாங்கும் மாணவரை அல்ல, எழுதிக் கொடுக்கும் சேவையை நடத்துபவரையும் விளம்பரப்படுத்துபவரையும்தான். அவுஸ்திரேலியச் சட்டத்தில் இரண்டு வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. உம்மைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உழைப்பை விற்பதாகச் சொல்கிறீரே, அந்த உழைப்பால் விளைந்த பொருள் என்ன என்று சேர்ந்து யோசிப்பதற்காகவே சொல்கிறேன். வெங்காய மூட்டைகளைப் பற்றிய 2,500 சொற்கள் உலகத்தில் எவருக்கும் தேவையில்லை. ஒரு பிள்ளை ஒரு தடவையாவது அந்தத் தெருவில் போய் நின்று எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதற்காக மட்டுமே நான் அந்த ஒப்படையைக் கொடுத்தேன். நீர் எழுதிக் கொடுத்ததும், "இது எனது சொந்த ஆக்கம்" என்று முதற்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வரியின் கீழே அந்தப் பிள்ளை கையொப்பம் இடுகிறான். அவன் காசு கொடுத்தது அந்தக் கையொப்பத்தை இடும் துணிவுக்குத்தான். அவனுடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் பரிமாறிய செய்திகளும் உமது இடைத்தரகரிடம் இருக்கின்றன. இப்படிப்பட்டவர்கள் பிறகு, "உன் பல்கலைக்கழகத்துக்கு அறிவிப்போம்" என்று மிரட்டி மேலும் பணம் கேட்ட சம்பவங்கள் பிற நாடுகளில் வெளிவந்திருக்கின்றன.

எனக்கு எல்லாவற்றிலும் கூடிய வலியைத் தந்தது வேறொன்று. ஓர் ஒப்படையைத் திருத்துவது என்பது புள்ளி போடுவது மட்டும் அல்ல என்பதை நீர் அறிவீர். உமது முதல் வருட ஒப்படைகளில் நான் ஓரமெல்லாம் எழுதிய குறிப்புகளை நீர் வரிவரியாக வாசித்து, அடுத்ததில் திருத்திக்கொண்டு வந்தவர். 46ஆவது ஒப்படைக்கும் அப்படித்தான் இரவு பதினொன்றரை வரை இருந்து ஒன்பது குறிப்புகள் எழுதினேன், நல்ல எழுத்து என்பதால் மற்றவற்றைவிட அதிகமாகவே எழுதினேன். அந்தக் குறிப்புகள் யாருக்குப் போகும்? பெயர் போட்டவனுக்கு அவற்றை விளங்கிக்கொள்ள வழியில்லை, ஏனென்றால் அந்த எண்ணங்கள் அவனுடைய தலைக்குள் ஒருநாளும் நடந்தவை அல்ல. எழுதிய நீரோ, காசு கைக்கு வந்ததும் அந்த ஒப்படையை மறுபடி பார்ப்பதில்லை. ஆசிரியர் ஒருவர் மாணவர் ஒருவரோடு தனியாகப் பேசக்கூடிய இடம் அந்த ஓரம் ஒன்றுதான், எங்கள் மாலைநேர வகுப்புகளில் வேறு நேரமே இல்லை. அன்றைக்கு நான் அங்கே ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அதே ஒப்படைக் கட்டுக்குள் வத்தளையிலிருந்து வரும் ஒரு பிள்ளையின் ஒப்படையும் இருந்தது. பகலில் புடைவைக்கடையில் நின்று வேலை செய்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருபவள். தன் கடைக்குத் துணி வந்து சேரும் வழியைத் தானே விசாரித்து எழுதியிருந்தாள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது, உசாத்துணைப் பட்டியல் ஒழுங்காக இல்லை. நான் அவளுக்கு 54 போட்டேன். சந்தேகம் வருமுன் உமது எழுத்துக்கு 71 போட்டிருந்தேன். நீர் ஒருவரிடமும் களவெடுக்கவில்லை என்றீர். அந்தப் பிள்ளை தன் 54ஐப் பார்த்துவிட்டு, "மிஸ், நான் இந்தப் படிப்புக்கு ஏற்றவள் இல்லையோ?" என்று என்னிடம் கேட்டாள். அவளைத் தன்மேல் நம்பிக்கை இழக்கச் செய்த அந்த ஒப்பீட்டில் உமது பங்கு இருக்கிறது, எனது பங்கும் இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பிழையையும் மறைக்கமாட்டேன். நான் கற்பிக்கும் இடத்தில் 80 ஒப்படைகளைப் பத்து நாட்களில் திருத்தித் தரச் சொல்கிறார்கள். மாணவரை இருத்தி வைத்து ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்க நேரம் ஒதுக்குங்கள் என்று நான் எழுத்தில் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. அந்த ஐந்து நிமிடம் இருந்தால் உமது தொழில் பாதிக்குமேல் படுத்துவிடும். அதற்காகத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீர் விரும்பினால், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்க ஆள் தேடும் இருவரை எனக்குத் தெரியும். ஏழாயிரம் ஒரே நாளில் வராது, ஆனால் உமது பெயரிலேயே வரும். எந்த நாளும் மாலை ஆறு மணிக்குப் பிறகு அழைக்கலாம்.

அந்த ஒன்பது குறிப்புகளில் எட்டு, மொழி பற்றியவை. அவை உமக்குத் தேவைப்படாது. ஒன்றை மட்டும் இங்கே எடுத்து எழுதுகிறேன், ஏனென்றால் அது உமக்குச் சேரவேண்டியது. மூன்றாம் பக்கத்தில், கைவண்டி நடைகளின் அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதியிருந்தேன்: "மிகவும் நல்ல அவதானிப்பு. ஆனால் எண்ணியது ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும். போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முதல் நாளும் போய் எண்ணிப் பாரும். வித்தியாசம் இருந்தால் ஏன் என்று நாட்டாமைமாரிடமே கேளும்."

இப்படிக்கு,
உமது பழைய மிஸ்